பிறைத் துண்டு

நந்தினி வாங்கி வந்த காபி அரைக்கும் மெஷினை முதல் நாளே வெறுத்துவிட நான் தயாராக இருந்தேன். என் பெண்தான். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை, சம்பாதிக்கிறாள், பிடித்ததை வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் என் சமையலறையில் ஒரு மெஷின் கல்லுக்குண்டு மாதிரி உட்கார்ந்திருக்கும்போது இன்னொன்றைக் கொண்டுவந்து "இது உனக்கும்மா" என்று நீட்டினால் கோபம் வராதா?

அதுவும் கையால் சுற்றுவதுதான். பெரிய டம்ளர் அளவுக்கு ஒரு ஸ்டீல் உருளை, மேலே கைப்பிடி, உள்ளே கூம்பாக ஒரு பல், அதைச் சுற்றி வளையமாக இன்னொரு பல். இரண்டுக்கும் நடுவில் காபிக் கொட்டை விழுந்து நொறுங்க வேண்டும். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குறை தேட ஆரம்பித்தேன்.

எனக்கு அந்தத் தகுதி உண்டு. ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் முப்பது வருஷம் இருந்தவள் நான். முதல் பன்னிரண்டு வருஷம் ஸ்கைவிங். தோலின் ஓரத்தை மடித்துத் தைக்க வசதியாகச் சீவி மெலிசாக்கும் வேலை அது. அந்த மெஷினில் கத்திக்கும் தோலைத் தள்ளிவிடும் கல்லுக்கும் நடுவே மயிரிழை கோணல் இருந்தாலும் போச்சு, ஒரு பக்கம் கிழியும், மறு பக்கம் தடியாக நிற்கும். காபி மெஷினும் அதே கதைதான். இரண்டு பல்லும் ஒன்றுக்கொன்று நேராக இல்லாவிட்டால் ஒரு பக்கம் மாவாகும், ஒரு பக்கம் ரவையாகும். மாவு ஃபில்டர் ஓட்டையை அடைத்துக் கசப்பைக் கொடுக்கும். ரவை தண்ணீரை அப்படியே வழியவிடும்.

அச்சைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். ஆடவில்லை. காதருகே வைத்துச் சுற்றினேன். எங்கேயும் உரசவில்லை. செய்தவன் கையில் ஒரு மோதிரம் போடலாம். அதை நந்தினியிடம் சொல்லுவேனா?

"நல்லாதான் இருக்கு. ஆனா நம்ம மெஷின் மாதிரி வராது" என்றேன்.

"டெஸ்ட் பண்ணிடலாம்" என்றாள் அவள்.

டெஸ்ட் எளிது. ஒரு பல்லின் முகம் முழுக்க மார்க்கர் பேனாவால் மை பூச வேண்டும். பிறகு இரண்டு பல்லும் தொடும்வரை இறுக்கி ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். நேராக இருந்தால் வட்டம் முழுக்க மை அழியும். கோணல் என்றால் ஒரு பக்கம் மட்டும் அழியும். புது மெஷினில் வட்டம் முழுக்க அழிந்தது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்தது என்னுடையது. வார்ப்பிரும்பு, நாலு கிலோ இருக்கும். மேடை விளிம்பில் திருகி மாட்டுவது. என் வீட்டுக்காரர் பெருமாள், கல்யாணமான புதிதில் வேலூர் பழைய இரும்புக் கடையில் வாங்கி முதுகில் சுமந்து வந்தது. அதில் கூம்பு கிடையாது. பல் வெட்டிய இரண்டு தட்டுகள் முகத்தோடு முகம் பார்த்து நிற்கும். ஒன்று உடம்போடு இரண்டு ஸ்க்ரூவில் பிடித்திருக்கும், மற்றது கைப்பிடியோடு சுற்றும். உடம்பு யானை மாதிரி, ஆனால் தட்டு உட்காரும் இடத்தை வார்த்தவன் தூக்கத்தில் வார்த்திருக்கிறான். கண்ணால் பார்த்தாலே சரிவு தெரியும்.

நந்தினி மை பூசினாள், இறுக்கினாள், சுற்றினாள். கழற்றிப் பார்த்தாள். வட்டம் முழுக்க மை அழிந்திருந்தது.

"எப்படிம்மா? உக்கார்ற எடமே கோணலா இருக்கே. இது சான்ஸே இல்ல."

நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டேன். "நான் சரி பண்ணது. நீ அஞ்சாவது படிக்கும்போது. ரெண்டு ஸ்க்ரூவையும் நல்லா டைட் வெச்சேன், அவ்ளோதான். அதுக்கப்புறம் அத யாரும் தொட்டதில்ல."

இது எங்கள் வீட்டில் ஆயிரம் முறை சொல்லப்பட்ட கதை. வந்த விருந்தாளிக்கெல்லாம் காபியோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். நான் சொல்லும்போதெல்லாம் பெருமாள் டம்ளரைப் பார்த்துக்கொண்டு "ஆமாமா, இவதான் பண்ணா" என்று லேசாகச் சிரிப்பார். அவர் போய் நாலு வருஷம் ஆகிறது.

"டைட் வெச்சா கோணல் போகாதும்மா. ஜாஸ்திதான் ஆகும்."

"முப்பது வருஷம் மெஷின்ல இருந்தவ நானா நீயா?"

"கழட்டிப் பாக்கலாமா?"

"கழட்டேன்! யாரு வேணாண்ணது?"

வீம்புக்குச் சொன்னேன். ஸ்க்ரூ இரண்டும் துருவேறி முரண்டு பிடித்தன. தேங்காய் எண்ணெய் விட்டு அரை மணி ஊறவைத்துத் திருப்பினோம். தட்டு விலகியதும் அதன் பின்னால், ஒரு பக்கத்தில் மட்டும், பிறை வடிவில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. நந்தினி புருவம் பிடுங்கும் இடுக்கியால் இழுத்தாள். காய்ந்து கிடந்தது சட்டென்று இரண்டாகக் கிழிந்தது.

"இன்னாம்மா இது, தோலா?"

வாங்கிப் பார்த்தேன். தோல்தான். காபி எண்ணெய் ஏறிக் கறுத்திருந்தாலும் விளிம்பில் மெரூன் நிறம் தெரிந்தது, மேலே பொடிப் பொடியாகப் புள்ளி அச்சு. நடுவில் தடிப்பாக இருந்து முனையை நோக்கிச் சரிவாகச் சீவப்பட்டிருந்தது. கத்தித் தடங்கள் வலமிருந்து இடமாகப் படுத்திருந்தன. எங்கள் கம்பெனியில் கைக்கத்தியால் அப்படிச் சீவக்கூடியவள் ஒருத்திதான், ஏனென்றால் அங்கே இடதுகைக்காரி அவள் ஒருத்திதான்.

அந்தத் தோல் எதிலிருந்து வந்தது என்றும் தெரிந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

குர்ஷித். பன்னிரண்டு வருஷம் எனக்குப் பக்கத்து மெஷின். காலை கம்பெனி பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் பிடித்து வைப்பவள். சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்கு ஒரு விளையாட்டு உண்டு. கழிவுத் துண்டு ஒன்றைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துக் கண்ணை மூடி "ஒன்னு ரெண்டு", "ஒன்னு நாலு" என்று மில்லிமீட்டர் சொல்வோம், ஒன்று புள்ளி இரண்டு, ஒன்று புள்ளி நாலு என்று அர்த்தம். பிறகு அளவுக் கருவியில் வைத்துப் பார்ப்போம். பெரும்பாலும் அவள்தான் ஜெயிப்பாள். நான் கருவி பழுது என்று சண்டை போடுவேன்.

அவள் வீட்டில் எல்லாரும் டீ. அவளுக்கோ காபிப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மகள் அஃப்ரோஸைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். பிள்ளைகள் தெருவில் விளையாடும். நாங்கள் மாற்றி மாற்றிச் சுற்றி அரைப்போம். அவள் இடது கையால் சுற்றும்போது மெஷின் வேறொரு சத்தம் போடும். நோன்பு மாதத்தில் நான் பொடியாக அரைத்து டப்பாவில் கொடுத்தனுப்புவேன், நோன்பு திறந்த பிறகு போட்டுக்கொள்வாள். பொடி ஒன்றுக்கொன்று ஒட்டாமல் மாவும் ரவையுமாகத்தான் வரும். "உன் மெஷினுக்கு ஒரு கால் குட்ட, விஜயா" என்று கேலி செய்துகொண்டே இரண்டு டம்ளர் குடிப்பாள். அந்த ஞாயிற்றுக்கிழமைகள் போல் எனக்குப் பிறகு எதுவும் வாய்க்கவில்லை.

"ஒரு பக்கம் தோல் வெச்சு முட்டுக் குடுத்தா நிமிந்துடும். சோல் தோல்ல சின்னதா ஒரு துண்டு, ஒன்னரை மில்லி இருந்தா போதும். கழிவுத் தொட்டியில எடுத்தாயேன்" என்று அவளிடம் கேட்டது நான். நானே எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை, ஏனென்றால் அப்போது அடுத்த சூப்பர்வைசர் யார் என்ற பட்டியலில் என் பெயர் இருந்தது.

மறுநாள் மாலை கேட்டில் பை சோதித்தபோது அவள் டிபன் பையில் அந்தத் துண்டு கிடைத்தது. ஒரு ரூபாய் காசளவு. அதற்கு முந்தின மாதம்தான் கம்பெனியில் தைத்த ஷூ மேல்பாகங்கள் ஒரு மூட்டை காணாமல் போயிருந்தது. சூப்பர்வைசர் பிரேம்நாத் வந்தார். "யாருக்கு எடுத்தே? யாரு சொன்னது?" என்று அத்தனை பேர் நடுவில் கத்தினார். குர்ஷித் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் குனிந்து செருப்பு வாரைச் சரி செய்தேன். வார் நன்றாகத்தான் இருந்தது.

அவள் என் பெயரைச் சொல்லவில்லை. திருடி என்று சொல்லி மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்றார்கள். அடுத்த மாதம் நான் சூப்பர்வைசர் ஆனேன்.

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே பத்து மணிக்கு அவள் வந்தாள். சந்து முனையில் கறுப்பு புர்கா தெரிந்ததுமே நான் உள் அறைக்குள் ஓடினேன். "நான் ஊர்ல இல்லன்னு சொல்லிடு" என்று பெருமாளிடம் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தி, வெளியே பேசுவது காதில் விழாதபடி ஃபேனை முழு வேகத்தில் வைத்துக்கொண்டேன். அரை மணி கழித்து அவர் கதவைத் தட்டினார். "போய்டுச்சு. தண்ணி குடிச்சிச்சு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அன்று மாலை மனசு கேட்காமல் மெஷின் ஸ்க்ரூ இரண்டையும் ஆத்திரத்தோடு இறுக்கினேன். மறுநாள் பொடி பூ மாதிரி விழுந்தது. நானே சரி செய்துவிட்டேன் என்று நம்பினேன். பத்தொன்பது வருஷம் நம்பினேன். அந்த மனுஷன் டம்ளரைப் பார்த்துச் சிரித்தது எதற்கென்று இப்போதுதான் புரிகிறது.

அந்த மெரூன் தோல் திருட்டுத் தோல் இல்லை. பத்து வருஷம் முடித்தவர்களுக்குக் கம்பெனி ஆயுத பூஜையன்று ஆளுக்கொரு பர்ஸ் கொடுத்தது. மெரூன் நிறம், புள்ளி அச்சு. என்னுடையதை ஒரே வருஷத்தில் தொலைத்தேன். அவள் அதைத் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்திருந்து ரம்ஜானுக்கும் பக்ரீத்துக்கும் மட்டும் எடுப்பாள். அதை வெட்டி, நான் ஒளிந்திருந்த அந்த அரை மணியில் என் மெஷினுக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

நான் சொன்னதை எல்லாம் நந்தினி கேட்டுக்கொண்டாள். போனை எடுத்து எதையோ தேடினாள். பத்து நிமிஷத்தில் அஃப்ரோஸ் கிடைத்தாள். வேலூர் பக்கம் சத்துவாச்சாரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர், அம்மா அவளோடுதான் இருக்கிறாள். இத்தனை வருஷம் எனக்குக் கிடைக்காதது பத்து நிமிஷத்தில் கிடைத்தது. கிடைக்காதது என்று சொல்வதே பொய். நான் தேடவில்லை.

மறுநாள் ஞாயிறு. மெஷினைச் சாக்குப் பையில் போட்டு, கிழிந்த இரண்டு துண்டையும் மாத்திரைக் கவரில் மடித்துக்கொண்டு தனியாகக் கிளம்பினேன். நந்தினி கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன். பஸ்ஸில் கண்டக்டர் பையில் இடித்துக்கொண்டு "இன்னாம்மா உள்ள, பொணமா?" என்றார். கிட்டத்தட்ட அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். வேலூர் புது பஸ் ஸ்டாண்டில் இறங்கி டவுன் பஸ் ஏறும்வரை சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அவள் கதவைச் சாத்திவிட்டால் படியில் உட்கார்ந்தாவது சொல்லிவிட்டுத்தான் வருவது என்று முடிவு செய்திருந்தேன்.

கதவைத் திறந்தது அஃப்ரோஸ். சின்ன வயதில் என்னைக் காலா என்றுதான் கூப்பிடுவாள், அவர்கள் வீட்டில் சித்திக்கு அதுதான் வார்த்தை. இப்போது "வாங்க ஆன்ட்டி" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

குர்ஷித் ஜன்னலருகே நாற்காலியில் இருந்தாள். முடி முழுக்க வெளுத்திருந்தது. வேலை போன பிறகு வீட்டிலிருந்தே ஷூ மேல்பாகத்தைக் கையால் தைத்துக் கொடுத்தாளாம், பதினைந்து வருஷம். இடது கை விரல்கள் ஊசி பிடித்த வாக்கிலேயே மடங்கி நின்றுவிட்டன. அதைப் பார்த்ததும் பஸ்ஸில் தயார் செய்ததெல்லாம் பறந்துபோனது. மெஷினை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"இன்னும் வெச்சிருக்கியா இத?" என்றாள். வா என்று சொல்லவில்லை.

மாத்திரைக் கவரைப் பிரித்து இரண்டு துண்டையும் நீட்டினேன். அவள் ஒன்றை எடுத்துக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துக் கண்ணை மூடினாள்.

"ஒன்னு ரெண்டு. நான் வெக்கும்போது ஒன்னு நாலு. அழுந்திடுச்சு."

"ஒன்னு மூணு இருக்கும்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"ஒன்னு ரெண்டு."

அஃப்ரோஸ் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்லமாட்டேன் என்று தெரிந்தது.

"அஃப்ரோஸ், நீயும் கேட்டுக்கோ. உங்கம்மாவ கம்பெனியில திருடின்னு சொல்லி நிறுத்துனாங்க. அவ திருடல. இந்த மெஷினுக்காக நான்தான் தோல் கேட்டேன். கேட்ல புடிச்சப்ப இவ என்னப் பாத்தா. நான் ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும். குனிஞ்சிட்டேன்."

அஃப்ரோஸ் முகம் மாறி அம்மா பக்கம் திரும்பினாள். "அம்மி, உடம்பு முடியாமதான் வேலைய உட்டேன்னு சொன்னியே?"

குர்ஷித் அவளைக் கையால் அமர்த்தினாள். "இரு. இத்தினி வருஷம் கழிச்சு வந்திருக்கா, முழுசா சொல்லட்டும். இன்னும் ஒன்னு பாக்கி இருக்கு."

அவள் எதைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

"அன்னிக்கு நீ வீட்டுக்கு வந்தப்ப நான் ஊர்ல இல்லன்னு அவரு சொன்னாரே, பொய். உள்ளதான் இருந்தேன்."

"தெரியும்" என்றாள். "உன் செருப்பு வாசல்லயே கெடந்துச்சு. எடது குதிகால் தேஞ்ச செருப்பு. ஒளியறவ அத எடுத்துட்டுல்ல ஒளியணும்."

ஷூ கம்பெனியில் முப்பது வருஷம் இருந்தவளுக்கு வாசலில் கிடந்த தன் செருப்பு ஞாபகம் வரவில்லை. வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. "தெரிஞ்சும் எதுக்குடி சரி பண்ணே?"

"உம்மேல பாசத்துல பண்ணேன்னு நெனச்சியா? கோவத்துல பண்ணேன். திருடின்னாங்க இல்ல? எனக்குன்னு சொந்தமா இருந்த ஒரே தோல் அந்த பர்ஸுதான். அத வெட்டி, சீவி, உன் மெஷினுக்குள்ள வெச்சேன். உங்க வீட்டுக்காரர்தான் ஸ்க்ரூடிரைவர் குடுத்தாரு. அவகிட்ட சொல்லாதீங்க, அவளே தெறந்து பாக்கட்டும்னு சத்தியம் வாங்கிட்டு வந்தேன். ரெண்டு நாள்ல கழட்டுவ, பாப்ப, உறைக்கும், ஓடியாருவன்னு வாசலையே பாத்துட்டிருந்தேன்." அவள் குரல் உடைந்தது. "பெரிய மெக்கானிக்காச்சே நீ. பத்தொம்போது வருஷத்துல ஒரு ஸ்க்ரூ கழட்டலியாடி?"

"பொடி நல்லா வந்துச்சே குர்ஷி. எதுக்குக் கழட்டுவேன்?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தனக்குத்தானே பேசுவதுபோல், "அதான் நான் பண்ண தப்பு. கொஞ்சம் மோசமா வெச்சிருக்கணும்" என்றாள்.

நான் அழுதேன். சத்தம் போட்டே அழுதேன். அவளும் அழுதாள், ஆனால் என்னைப் பார்க்காமல். அஃப்ரோஸ் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அம்மாவின் தோளைப் பிடித்தபடி நின்றாள். என் பக்கம் அவள் வரவில்லை. அது நியாயம்தான்.

பிறகு குர்ஷித் பீரோவைக் காட்டி மகளிடம் ஏதோ உருதுவில் சொன்னாள். துணியில் சுற்றிய பர்ஸ் வந்தது. உள் மடிப்பில் பிறை அளவுக்கு ஒரு வெட்டு. மெரூன் அப்படியே புதுசாக இருந்தது. கத்தியை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"எனக்கு வெரல் நிமிரல. நீ சீவு. ஒன்னு நாலு."

பழைய வெட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு பிறை வெட்டினேன். சீவிக் கொடுத்ததை விரலில் வைத்துப் பார்த்து, "ஜாஸ்தி" என்று திருப்பிக் கொடுத்தாள். மறுபடி சீவினேன். "இப்ப சரி" என்றாள். தட்டின் பின்னால் வைத்துப் பொருத்தி முதல் ஸ்க்ரூவை நான் இறுக்கினேன். இரண்டாவதை அவள் பிடுங்கிக்கொண்டாள். மடங்கிய விரல்களால் ஸ்க்ரூடிரைவரை உள்ளங்கையில் அழுத்தி மெதுவாகத் திருகினாள். மெஷினை மேசை விளிம்பில் மாட்டி, வீட்டில் இருந்து கொண்டுபோயிருந்த கொட்டையைப் போட்டுச் சுற்றினேன். பொடி ஒரே சீராக விழுந்தது. அந்த வாசனைக்கு அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

இரண்டு டம்ளர் குடித்தாள். மூன்று மணிக்கு நான் மெஷினைக் கழற்றிப் பையில் போடும்போதுதான் கவனித்தேன். அவள் திருகிய ஸ்க்ரூ கால் சுற்று வெளியே நின்றது.

"குர்ஷி, இது முழுசா உக்காரல. விரல் முடியலன்னா குடு, நான் டைட் வெக்கிறேன்."

அவள் ஸ்க்ரூடிரைவரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"தொடாத. ஒரு மாசத்துல லூசாகும். அப்ப தூக்கிட்டு வா."